எடை தூக்கிப் படித்த பிள்ளைகள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். குடியாத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கூப்பிடுவது பெரும்பாலும் அம்மாக்கள்தான். "டீச்சர், என் பையன் கம்பி தூக்குறான் இல்ல, அதுக்கு காலேஜுல சும்மாவே சீட்டு தர்றாங்களாமே, நெஜமா?" என்று கேட்பார்கள். நிஜம்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். "அப்போ இவனும் சதீஷ் மாதிரி வந்துடுவானா?"

வேலூரில் சதீஷ் என்றால் எந்த சதீஷ் என்று யாரும் கேட்பதில்லை. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் எடை தூக்கும் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்சில் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (தோளுக்கு ஏற்றி, பிறகு தலைக்கு மேல் தூக்குவது) 179, ஆக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்ட் கோஸ்டில் மறுபடியும் தங்கம். அவருடைய அப்பா ராணுவத்தில் இருந்தவர், தேசிய அளவில் எடை தூக்கியவர், பிறகு இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் காவலாளியாக வேலை பார்த்தவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று எங்கள் ஊரில் எடை தூக்கப் பழகும் ஷெட்டுகளில் விடியற்காலை வந்து நிற்கிறார்கள்.

அந்த அம்மாக்களிடம் நான் நேராகவே சொல்லிவிடுவேன். "சதீஷ் மாதிரி வர்றது ரொம்பக் கஷ்டம்மா. ஆனா ஒரு டிகிரி வாங்கலாம், ஒரு வேலைக்குப் போகலாம். அதுக்கு இது நல்ல வழி." போனின் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. ஏமாந்துபோய்விட்டார்கள் என்று புரியும். அந்த ஏமாற்றம் தேவையே இல்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். விளையாட்டால் கிடைக்கும் கல்லூரி சீட்டு பதக்கத்துக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டாப் கிடையாது. எங்கள் பக்கத்துப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுதான் போய்ச் சேர வேண்டிய இடம். அதைக் குறைந்ததாக நினைக்கக் கூடாது.

பதக்கம் வாங்கியவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ம் ஆண்டு சிட்னியில் வெண்கலம் வாங்கி, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆன கர்ணம் மல்லேஸ்வரி, இந்திய உணவுக் கழகத்தில் வேலை பார்த்தார். டோக்கியோவில் வெள்ளி வாங்கிய மீராபாய் சானு அப்போது ரயில்வே ஊழியர். சதீஷும் ரயில்வேதான். உலகத்துக்கே தெரிந்தவர்களுக்கும் மாதம் பிறந்தால் வீடு நடத்த ஒரு சம்பளம் வேண்டியிருந்தது. அப்படி இருக்க, தேசியப் போட்டியில் ஆறாவதாக வந்த நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் அதைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது?

மல்லேஸ்வரி பதக்கம் வாங்கியபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தொட்டியில் ஊறிய தோலை இழுத்துப்போட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தால் குளித்த பிறகும் வாடை போகாது. எங்கள் தெருவில் பத்தாவதோ ப்ளஸ் டூவோ முடித்த பெண்கள் மறு மாதமே ஷூ கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். அந்த வேலையை நான் குறை சொல்லவில்லை, எத்தனையோ குடும்பத்தில் அடுப்பு எரிவது அதனால்தான். ஆனால் மேலே படிக்க ஆசைப்பட்ட பெண்ணுக்கும் வேறு பஸ் இல்லை என்பதுதான் அன்றைய நிலைமை. அப்பாவின் நண்பர் ஒருவர் நடத்திய ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குத் தம்பியோடு துணைக்குப் போன நான், பார்த்துக்கொண்டே நிற்கப் பிடிக்காமல் கம்பியைத் தொட்டேன். தம்பி ஒரு மாதத்தில் நின்றுவிட்டான். நான் நிற்கவில்லை.

எங்கள் ஊரில் இந்த விளையாட்டு ஊன்றியதற்கு ஒரு காரணம் செலவு. ஒரு கம்பி, ஒரு செட் பிளேட், கெட்டியான மேடை, சொல்லிக்கொடுக்க ஒரு மாஸ்டர் இருந்தால் இருபது பிள்ளைகள் மாறி மாறித் தூக்கலாம். வேலூர் வெயிலில் எட்டு மணிக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே யாரும் நிற்க முடியாது, அதனால் ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடுவோம். இன்னொரு காரணம், இந்தப் பக்கத்தில் ராணுவத்துக்குப் போவது பரம்பரைப் பழக்கம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். உடம்பை வைத்து அரசாங்க வேலைக்குப் போகலாம் என்பதை வட ஆற்காட்டில் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. படிப்பையும் உடம்பை வைத்தே வாங்கலாம் என்பதுதான் எங்கள் வீட்டுக்குப் புதுசாக இருந்தது.

சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் ட்ரயல்ஸ், அதாவது விளையாட்டு சீட்டுக்கு ஆள் எடுக்கும் தேர்வு, என்று மாஸ்டர் சொன்னார். அம்மாவும் நானும் காட்பாடியில் ரயில் ஏறிப் போனோம். மைதானத்து ஓரமாக ஒரு சின்ன ஜிம். அந்தக் கல்லூரியின் விளையாட்டைக் கவனிக்கும் பி.டி. மேடம் முதலில் என் பைலை வாங்கி ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் நிதானமாகப் படித்தார். அப்புறம் 15 கிலோ பெண்கள் கம்பியைக் காட்டி வார்ம் அப் செய்துகொள்ளச் சொன்னார். ஸ்னாட்ச் தூக்கும்போது கம்பியைப் பார்க்காமல் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டது இதைத்தான்: "ஹாஸ்டலுக்கு எவ்ளோ கட்டணும், மேடம்?"

"ஒண்ணும் கட்ட வேணாம்மா. ரூமு, சாப்பாடு, காலேஜ் பீஸ் எல்லாம் மேனேஜ்மென்ட் பாத்துக்கும். எக்ஸாம் பீஸ் மட்டும் நீங்க கட்டணும். ஒரே ஒரு கண்டிஷன்தான். உங்க பொண்ணு அரியர் வைக்கக் கூடாது."

மெடல் வாங்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்தும், ஒரு பிள்ளையை எந்தக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்று யோசிக்கும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அங்கே இருக்கும் பி.டி. அரியரைப் பற்றிக் கேட்கிறாரா?

ஏனென்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த பிள்ளைகள் வழி தவறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். போட்டி என்றால் ஓ.டி. (ஆன் டியூட்டி) கிடைக்கும், அட்டெண்டன்ஸ் வந்துவிடும். ஆனால் அந்த ஒரு வாரத்தில் நடத்திய பாடம் வராது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி முடிந்தால் பல்கலைக்கழக டீம் தேர்வு, அது முடிந்தால் கோச்சிங் கேம்ப், பிறகு எங்கோ வடக்கே ஆல் இண்டியா இன்டர் யுனிவர்சிட்டி. ரிசர்வேஷன் கன்பர்ம் ஆகாத ரயிலில் இரண்டு நாள் போய், இரண்டு நாள் திரும்பி வந்தால் இன்டர்னல் தேர்வு முடிந்திருக்கும். பதினெட்டு வயதில் உடம்பில் யுனிவர்சிட்டி டிராக் சூட் ஏறியதும் அக்கவுன்டன்சி பேப்பர் பெரிதாகத் தெரியாது. மூன்றாம் வருடம் முடியும்போது ஏழு அரியர் இருக்கும். ஹாஸ்டலைக் காலி செய்து ஊருக்கு வந்துவிட்டால் அந்த ஏழு பேப்பரை எழுதி முடிப்பவர்கள் குறைவு. டிகிரி இல்லாவிட்டால் போலீஸுக்கும் ராணுவத்துக்கும் போகலாம், ஆனால் டிகிரி கேட்கிற வேலை எல்லாம் போய்விடும்.

எனக்கு இரண்டாம் செமஸ்டரில் புள்ளியியல் கஷ்டமாக இருந்தது. ஹாஸ்டலில் என் பக்கத்து ரூமில் இருந்த திருப்பத்தூர் பெண், விளையாட்டுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் 48 கிலோ பிரிவு. போட்டிக்கு முந்தைய நாட்களில் எடை ஏறாமல் இருக்க மெஸ்ஸில் அரை வயிறுதான் சாப்பிடுவேன். எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான், அதுவரை தண்ணீரைக்கூட யோசித்துத்தான் குடிக்க வேண்டும். பசியோடு ஸ்டாண்டர்டு டீவியேஷன் போட்டது இன்னும் கைக்கு மறக்கவில்லை. அவளைப் போல ஒருவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்க்க மாட்டார்கள். போட்டியிலிருந்து திரும்பும் பிள்ளைகளுக்கு விட்டுப்போன பாடத்தை நடத்த ஆளை ஏற்பாடு செய்வது கல்லூரியின் கடமை. டிராக் சூட்டுக்குச் செலவு செய்கிற கல்லூரி ஒரு டியூஷன் டீச்சருக்கும் செலவு செய்யலாம்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். என்னோடு எடை தூக்கிய ஒருத்தி வேறொரு கல்லூரியில் படித்தாள். இரண்டாம் வருடம் ஜெர்க் செய்யும்போது முதுகில் பிடித்துக்கொண்டது, டிஸ்க். டாக்டர் ஆறு மாதம் கம்பியைத் தொடக் கூடாது என்றார். அடுத்த வருடம் ஜூன் மாதம் அவளிடம் ஹாஸ்டல் கட்டணம் கேட்டார்கள். விளையாடாதவர்களுக்குச் சலுகை கிடையாது என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். எழுத்தில் எதுவுமே இல்லை. சேரும்போதும் இல்லை, நிறுத்தும்போதும் இல்லை. அவள் அப்பா ஆம்பூரில் பிரியாணிக் கடையில் வேலை பார்ப்பவர். வட்டிக்கு வாங்கிக் கட்டினார். அவள் டிகிரி முடித்தாள். ஆனால் அந்தக் கடன் முடிய, டிகிரி முடிந்து ரொம்ப நாள் ஆயிற்று.

விளையாட்டுக்காகவே கோடிகளைக் கொட்டும் அமெரிக்கக் கல்லூரிகளிலும் இதே சிக்கல் இருந்திருக்கிறது. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு 1973-ல் விளையாட்டு உதவித்தொகையை ஒரு வருடக் கணக்கில் புதுப்பிக்கும் முறைக்கு மாற்றியது. கோச் விரும்பினால்தான் அடுத்த வருடம். பல வருடத்துக்கு மொத்தமாக எழுதிக் கொடுக்கலாம் என்ற அனுமதி 2012-ல்தான் வந்தது. ஆட்டம் சரியில்லை என்ற காரணத்துக்காக உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என்று அங்குள்ள பெரிய ஐந்து கான்பரன்ஸ்கள் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகள்) 2015-ல் முடிவெடுத்தன. அந்த ஊர் வசதி நமக்கு வராது, சரி. ஆனால் ஒரு வெள்ளைத்தாளில் "இந்த மாணவிக்கு மூன்று வருடமும், காயம் பட்டாலும், கட்டணம் இல்லை" என்று எழுதிச் சீல் போட்டுக் கொடுப்பதற்குப் பணம் தேவையில்லை. இப்போது என் பள்ளியிலிருந்து பிள்ளைகள் போகும்போது நான் இதைக் கேட்கிறேன். சில பி.டி. சார்கள் சங்கடப்படுகிறார்கள். சிலர் உடனே பிரின்சிபாலிடம் அழைத்துப்போய் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இனி சர்டிபிகேட். இதைப் பற்றி மட்டும் நான் நாள் முழுக்கப் பேசுவேன்.

மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தனித்தனிப் படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்குப் பார்ம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்குப் பார்ம் 2, அதில் அந்த விளையாட்டின் சங்கச் செயலாளர் கையெழுத்து வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் பார்ம் 3, பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநரின் கையெழுத்து. பள்ளிகளுக்கான தேசியப் போட்டி என்றால் பார்ம் 4. போட்டியில் கையில் கொடுக்கிற, கலர் கலராக அச்சடித்த சர்டிபிகேட் வேறு, இந்தப் பார்ம் வேறு. இது தெரியாமலே கல்லூரியை விட்டு வந்து, நான்கு வருடம் கழித்து விண்ணப்பம் போடும்போது பழைய டைரக்டர் ரிட்டயர் ஆகி, புதியவருக்கு யாரென்றே தெரியாமல் அலைந்த பிள்ளைகள் உண்டு. போட்டி முடிந்த அதே மாதத்தில் வாங்கிவிட வேண்டும்.

என் மாணவன் ஒருவன், கீழ்ஆலத்தூர் பக்கத்துப் பையன், காவலர் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு எல்லாம் தாண்டிவிட்டான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. சர்டிபிகேட் சரிபார்ப்பில் நிறுத்திவிட்டார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் "கே", போட்டிச் சான்றிதழில் "ஜி". ஜூனியர் நேஷனல் போனபோது யாரோ கையால் எழுதிய பட்டியலில் தாத்தா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டார்கள். ஒரு எழுத்து! சங்கத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நோட்டரிக்கும் அலைந்து, கெடு முடிவதற்கு முன்னால் திருத்திக் கொடுத்தோம். இப்போது ஆவடியில் காவலராக இருக்கிறான். அதிலிருந்து என் பள்ளியில் எந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாலும் ஆதாரையும் மார்க்ஷீட்டையும் பக்கத்தில் வைத்து நானே எழுத்தெழுத்தாகப் பார்க்கிறேன்.

வயதும் முக்கியம். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 18 முதல் 25 வயது வரைதான், அதில் யாருக்கும் தளர்வு கிடையாது. அதோடு சமீபத்திய ஓரிரு வருடச் சாதனையைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பள்ளியில் வாங்கிய தங்கத்தைக் காட்டி 24 வயதில் வேலை கேட்க முடியாது. ஆகவே கல்லூரி மூன்று வருடமும், அதற்கடுத்த ஒன்றிரண்டு வருடமும்தான் காலம். இதனால்தான் டிகிரி முடித்ததும் விளையாட்டை விட்டுவிடுகிற பிள்ளைகளைப் பிடித்து, முதுகலையில் சேர்ந்து இன்னும் இரண்டு வருடம் தூக்கச் சொல்கிறோம். மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு இப்போது 3 சதவீதம் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் இருக்கின்றன. கலைக் கல்லூரிக்கே போக வேண்டும் என்பதில்லை, கணக்கு நன்றாக வருகிற பிள்ளைக்கு அந்தக் கதவும் திறந்திருக்கிறது.

பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்ததில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நன்மை நடந்திருக்கிறது. முன்பு மாவட்ட அணி என்றால் ஒன்றுதான். வாணியம்பாடிப் பையனும் அரக்கோணத்துப் பையனும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்வார்கள். இப்போது முதலமைச்சர் கோப்பைக்கு மூன்று மாவட்ட அணிகள் போகின்றன. மாநிலப் போட்டியைப் பார்க்கிற பிள்ளைகள் அதிகமாகியிருக்கிறார்கள். அங்கேதான் சென்னைக் கல்லூரி பி.டி.க்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

உடம்பு ஏறக் குடிக்கிற பவுடர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜிம்மில் யாரோ கொடுத்த டப்பாவை வாங்கிக் குடிக்கிற பழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று கொடுத்தவனுக்கே தெரியாது. ஊக்கமருந்தைத் தடுக்கும் தேசிய அமைப்பான நாடாவின் (NADA) பரிசோதனையில் மாட்டினால் "எனக்குத் தெரியாது" என்பது எடுபடாது. தடை வந்தால் சீட்டு, வேலை, பெயர் மூன்றும் போகும். முட்டையும் வேர்க்கடலையும் போதும்.

என்னோடு அந்த ஷெட்டில் தூக்கியவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், ஒருவர் அரக்கோணத்தில் ரயில்வே அலுவலகத்தில் கிளர்க். ஒருவர் பெங்களூரில் ராணுவத்தின் பொறியாளர் படையான எம்.இ.ஜி.யில் இருந்து ஓய்வுபெற்று, காட்பாடியில் வங்கிக் காவலாளி. ஒருத்தி தபால் துறை. ஒருத்தி பாட்டியாலாவில் கோச்சிங் டிப்ளமோ முடித்துப் பயிற்சியாளர். நான் உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். முடித்து, டி.ஆர்.பி. என்கிற ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி, இந்த வேலைக்கு வந்தேன். ஒருவர் கம்பியை விட்டதோடு படிப்பையும் விட்டுவிட்டார், இன்று லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எங்களில் யார் பெயரும் பேப்பரில் வந்ததில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் யாரும் படிப்புக் கட்டணத்துக்காகக் கம்பி தூக்க ஷெட்டுக்குப் போக வேண்டியதில்லை. விருப்பம் இருந்தால் போகிறார்கள். அப்பா ரிட்டயர் ஆகும்போது கையில் வந்த பணத்தை எனக்கென்று எடுத்து வைக்கத் தேவை இருக்கவில்லை. அதை வைத்து வீட்டுக்குத் தளம் போட்டார்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒன்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் ப்ளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022-ல் ஆரம்பித்த திட்டம். பையன்களுக்கும் 2024 முதல் தமிழ்ப் புதல்வன் என்று வந்துவிட்டது. ஸ்போர்ட்ஸ் சீட்டில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம் என்றால் இந்த ஆயிரத்தில் எக்ஸாம் பீஸும் ஊருக்கு வந்துபோகிற செலவும் முடிந்துவிடும். "வயசுப் பொண்ணை மெட்ராஸுக்கு எப்படி டீச்சர் தனியா அனுப்புறது?" என்று கேட்பவர்களை நானே கூட்டிக்கொண்டு போய் ஹாஸ்டலையும் வார்டனையும் காட்டியிருக்கிறேன். இனிமேலும் போவேன். கூச்சப்படாமல் கேளுங்கள்.

இந்த வருடம் இரண்டு பிள்ளைகள் ட்ரயல்ஸுக்குப் போகிறார்கள். ஒருத்தி எடை தூக்குகிறாள், இன்னொருவன் கபடி. போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சொல்கிறேன். ஒரிஜினல் சர்டிபிகேட்டை எடுத்துப் போங்கள், பார்த்துவிட்டுக் கையிலேயே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள். காயம் பட்டால் என்ன செய்வீர்கள் என்று அப்பாவோ அம்மாவோ வாய் திறந்து கேளுங்கள். எந்தக் கோர்ஸில் போடப் போகிறார்கள் என்று கேளுங்கள், காலியாக இருக்கிற கோர்ஸில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பிள்ளைக்கு வருகிற பாடமா என்று யோசித்துச் சொல்ல ஒரு நாள் டைம் வாங்கிக்கொண்டு வாருங்கள். மீதியை ஊருக்கு வந்த பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.